படம் இலவசம், படிக்க ஆள்?

ஆசிரியருக்கு,

நிசார் செயற்கைக்கோளின் தரவு காடழிப்பைத் தடுக்க உதவும் என்ற தங்கள் தலையங்கம் கண்டேன். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்த இந்திய-அமெரிக்கக் கூட்டு முயற்சியின் ரேடார், மேகத்தை ஊடுருவி நிலப்பரப்பைப் பதிவு செய்யும், தரவுகளும் இலவசம். காங்கோ, இந்தோனேசியா போன்ற வெப்பமண்டல நாடுகளுக்கு நல்ல செய்திதான். ஆனால், தரவைத் திறந்துவிட்டாலே காடு பிழைத்துவிடும் என்ற தொனியை ஏற்க இயலவில்லை. தொலையுணர்வுப் பணியில், அதாவது செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் பணியில், இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பருவமழை மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் வழக்கமான செயற்கைக்கோள் படத்தைத் திறந்தால் வெள்ளை மேகம்தான் தெரியும், ரேடார் படமோ கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளி புள்ளியாய்க் கிடக்கும். மரம் வெட்டிய இடம் எது, மழையில் நனைந்த சரிவு எது என்று பிரித்தறியப் புதியவர்கள் மாதக்கணக்கில் திணறுவார்கள்.

பிரேசில் 1988 முதல் அமேசான் காட்டழிப்பை ஆண்டுதோறும் தானே கணக்கிடுகிறது என்றால், அதற்கான வல்லுநர்களை அந்நாடு வளர்த்தெடுத்ததே காரணம். ஐ.நா. சார்புடைய விண்வெளிக் கல்வி மையம் ஒன்று 1995 முதல் நம் டேராடூனிலேயே ஆசிய-பசிபிக் நாட்டினருக்குப் பயிற்சி அளித்து வருகிறது. வனத்துறைக் களப்பணியாளர்களுக்கென அங்கே தனி ரேடார் வகுப்பு தொடங்கி, காங்கோ படுகை நாடுகளுக்கும் அதில் இடம் ஒதுக்க மத்திய அரசு முன்வர வேண்டும்.

– வாசகர், கோயம்புத்தூர்