உன் ரம்பப்பல் கிராஃப் பற்றி

அன்புள்ள மீனா,

பிளாட்டினம்–நிக்கல் ஆக்சைடு சாம்பிளில் நீ எடுத்த கிராஃபைப் பார்த்தேன். நட்சத்திர வடிவில் கைகள் நீட்டிய அந்த சாம்பிளில் ஒரு திசையில் ஐந்து பல்ஸ் (குறுகிய மின்னோட்டத் துடிப்பு) கொடுத்தால் குறுக்கு மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே அளக்கும் மின்தடை) ஏறுகிறது, செங்குத்துத் திசையில் ஐந்து கொடுத்தால் இறங்குகிறது. நீல் வெக்டர், அதாவது நிக்கல் ஆக்சைடில் எதிரெதிராக நிற்கும் அணுக்காந்தங்களின் அச்சு, 90 டிகிரி திரும்பிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே, கண்ணு. ஏற்றம் இறக்கம் இரண்டுமே ரம்பப்பல் போல நேராகப் போகின்றன, ஐந்தாவது பல்ஸிலும் அடங்கவில்லை. டொமைன்கள் (ஒரே காந்த அச்சுள்ள சிறு பகுதிகள்) திரும்பியதால் வந்த சிக்னலாக இருந்தால், திரும்பக்கூடியவை திரும்பி முடித்ததும் கோடு தட்டையாக வேண்டும்.

நிக்கல் ஆக்சைடு போன்ற ஆன்டிஃபெரோமேக்னட் (அணுக்காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்துசெய்யும் பொருள்) அடுக்கே இல்லாத வெறும் உலோகத்திலும் இதே சிக்னல் வருவதை 2019-இல் சியாங் குழுவினர் காட்டிவிட்டார்கள். உலோகத்தையும் அடித்தளத்தையும் மாற்றியபோது இன்னும் பெரிதாகவே வந்தது. காரணம் சூடு. 10 மைக்ரான் அகலம், 5 நானோமீட்டர் தடிமன் உள்ள பிளாட்டினத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி ஆம்பியர் என்பது வெறும் 5 மில்லிஆம்பியர்தான். ஆனால் கைகள் சந்திக்கும் உள்மூலைகளில் மின்னோட்டம் நெரிகிறது. அங்கே உலோகம் சூடாகிறது, அணுக்கள் கொஞ்சம் நகரவும் செய்கின்றன. பல்ஸின் திசை மாறினால் சூடாகும் இடமும் மாறும். நட்சத்திரத்தின் சமச்சீர் அப்படிக் குலைவதுதான் குறுக்கு மின்தடையாக உன் கண்ணில் படுகிறது.

எனவே முதல் வேலை, அதே மாஸ்க் (வடிவத்தைப் பதிக்கும் அச்சு), அதே அடித்தளம், அதே பிளாட்டினம், நிக்கல் ஆக்சைடு மட்டும் இல்லாமல் ஒரு சாம்பிள். பல்ஸ் நீடிக்கும் நேரத்தையும் மின்னோட்ட அடர்த்தியையும் மாற்றாதே. கண்ணாடியை அடித்தளமாக வைத்துச் செய்து ஒப்பிட்டால் ஏமாறுவாய். உன் அடித்தளமான மெக்னீசியம் ஆக்சைடு அதைவிடப் பல பத்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

பல்ஸ் முடிந்த உடனே மின்தடையை ஒரு முறை மட்டும் படித்து நிறுத்தாதே. அது மெல்ல அடங்கும் தளர்வு முழுவதையும் சில பத்து விநாடிகள் பதிவு செய். காப்பர் மாங்கனீசு ஆர்செனைடு என்ற இன்னொரு ஆன்டிஃபெரோமேக்னட்டில் பல்ஸுக்குப் பின் எகிறும் மின்தடை அறை வெப்பத்தில் விநாடிகளிலேயே கரைந்துபோகும். ஒற்றைப் புள்ளி அளவீட்டில் அது தெரியாது. பிளாட்டினத்தையே வெப்பமானியாக வைத்துக்கொள்: முதலில் மின்தடை–வெப்பநிலைக் கோட்டை எடு, பிறகு பல்ஸ் ஓடும்போதே ஆசிலோஸ்கோப்பில் மின்தடையைப் பார். நிக்கல் ஆக்சைடின் நீல் வெப்பநிலை, அதாவது அதன் காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை, சுமார் 525 கெல்வின். அதை நெருங்கினால் பிறகு எதையும் வாதாட முடியாது. மின்னோட்டத்தை இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு.

அளக்கப்போகும் மின்னோட்டத்தைவிடச் சற்று அதிகமாக வைத்து, நகர்வு நிற்கும்வரை பல்ஸ் கொடுத்துச் சாம்பிளைப் பழக்கு. பிறகு ரம்பம் மறைந்து, ஒரே தாவலில் ஏறித் தட்டையாகும் படி மட்டும் மிஞ்சினால் நம்பிக்கை கொள்ளலாம். நிரூபணம் அல்ல. அதற்கு டொமைன்களின் படம் வேண்டும்: சின்க்ரோட்ரானில் (செறிந்த எக்ஸ்-கதிர் தரும் துகள் முடுக்கி) எக்ஸ்-கதிர் நேரியல் டைக்ரோயிசம், அல்லது ஒளி இரட்டைவிலகல் நுண்ணோக்கி.

டொமைன் திரும்பியது படத்தில் தெரிந்தாலும் திருப்பியது ஸ்பின் முறுக்குதான் (பிளாட்டினத்திலிருந்து வரும் எலக்ட்ரான் ஸ்பின்கள் காந்த அச்சைத் தள்ளுவது) என்று ஆகாது. சூட்டால் படலம் விரிந்து, அந்த இழுவிசையே காந்த அச்சைத் திருப்பலாம். நிக்கல் ஆக்சைடில் இது பார்க்கப்பட்டிருக்கிறது. பல்ஸ் பாதையின் வடிவத்தையும் படிகத் திசையையும் மாற்றிப் பார். பிளாட்டினத்துக்குப் பதில், ஸ்பின் ஹால் விளைவு (மின்னோட்டம் எலக்ட்ரான்களை ஸ்பின் வாரியாகப் பக்கவாட்டில் பிரிப்பது) மிகக் குறைந்த செம்பைப் போட்டு அதே வாட் சூட்டைக் கொடு. செம்பிலும் திரும்பினால் ஸ்பின் முறுக்கு என்ற வார்த்தையை உன் வரைவிலிருந்து எடுத்துவிடு.

முதலில் அந்த வெறும் பிளாட்டினம் சாம்பிள். அதன் கிராஃபை, அச்சு அளவை மாற்றாமல், இதன் பக்கத்திலேயே வைத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா