குவாதலூப் தமிழர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கரீபியன் கடலிலுள்ள இந்தப் பிரெஞ்சுத் தீவில் இந்த ஆண்டு நம் சங்கத்தின் ஐந்து கூட்டங்கள் நடந்தன. செப்டம்பர் கூட்டத்தைப் புயல் எச்சரிக்கையால் கைவிட்டோம். இனி ஜூன் முதல் நவம்பர் வரை திறந்தவெளியில் எதுவும் வைப்பதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. 1989இல் ஹியூகோ புயலைப் பார்த்த மூத்தவர்கள் இதைத்தான் பல வருடமாகச் சொல்கிறார்கள். நாம்தான் காதில் வாங்கவில்லை.

காரைக்கால், புதுச்சேரியிலிருந்து வந்த புதிய குடும்பங்களுக்குத் தீவைச் சுற்றிக் காட்ட மார்ச் மாதம் ஒரு பயணம் போனோம். தீவுக்கு இரண்டு பெரிய பகுதிகள். அவற்றின் பெயர்களிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. 'பாஸ்-தேர்' என்றால் தாழ்ந்த நிலம். 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை நிற்பதோ அங்கேதான். 'கிராந்த்-தேர்', அதாவது பெரிய நிலம், இரண்டில் சிறியது. சுண்ணாம்புக்கல் தரை, எங்கும் கரும்பு. நடுவில் இருக்கும் 'ரிவியேர் சலே'யை உப்பாறு என்றதும் காரைக்கால்காரர்களுக்குச் சந்தோஷம். ஆனால் அது ஆறே இல்லை, கடல்நீர் ஓடும் கால்வாய்.

மார்ச் மாதம் 'காரேம்', அதாவது வறண்ட பருவம். அதை நம்பிக் குடை எடுக்காமல் போனது என் தவறு. அட்லாண்டிக் காற்று மலையில் மோதி எந்த மாதமும் மழையைக் கொட்டும். எரிமலை உச்சியை ஒருவரும் பார்க்கவில்லை. மேகத்துக்குள் கந்தக வாடை மட்டும் வந்தது.

அப்புறம் காப்பெஸ்தேர் ஊரின் சாங்கி மாரியம்மன் கோயில். அடிமைமுறை 1848இல் ஒழிந்ததும் கரும்புக்கு ஆள் தேடினார்கள். 1854 டிசம்பர் 24 அன்று முதல் கப்பல் வந்தது. 1889க்குள் 42,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து இறக்கப்பட்டார்கள். தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் மதுரைவீரன் இங்கே 'மால்தேவிலென்' ஆகி இன்னும் பூசை வாங்குகிறார். இந்தியர்களின் வாக்குரிமைக்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்ற ஆன்ரி சிதம்பரமும் இந்த ஊர்க்காரர்தான்.

மதியம் ஆட்டுக்கறி 'கொலம்போ'. நம் குழம்பின் பேரன் என்றே சொல்கிறார்கள். மசாலாவில் காரம் இல்லை. ஒரு முழு மிளகாயை உடையாமல் மிதக்க விடுவார்கள். நம் புதிய உறுப்பினர் ஒருவர் அதைப் பாசத்தோடு சோற்றில் நசுக்கிப் பிசைந்துவிட்டார். கால் மணி நேரம் அவர் வாய் திறக்கவில்லை.

பேருந்து வாடகை நினைத்ததைவிடக் கூடிவிட்டது. விவரத்தைப் பொருளாளர் சொல்வார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இப்போது நம் பிள்ளைகளைவிட உள்ளூர் வம்சாவளியினரே அதிகம். அவர்களுக்கு அரிச்சுவடி பத்தவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வாங்கி வாருங்கள்.

செயலாளர்