பழைய கம்ப்யூட்டரை விற்க வேண்டாம், தம்பி

திருப்பரங்குன்றம்
ஞாயிறு காலை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். போன வாரம் நீ போனில், "எதுக்குப்பா அந்த லினக்ஸோட மல்லுக்கட்டுறீங்க, புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன், பேசாம விண்டோஸ்லயே விளையாடுங்க" என்று சொன்னபோது, கடையில் திருமங்கலத்துக்காரர் ஒருவர் போர்வெல் மோட்டாருடன் நின்றுகொண்டிருந்ததால் என்னால் முறையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவசரமாகச் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் அல்ல அது. அதனால்தான் இந்தக் கடிதம்.

2017இல் நீ வாங்கி மாடி அறையில் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் இன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறது. அதே ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், அதே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஒரு தலைமுறை வித்தியாசத்தில் நம் கம்ப்யூட்டர் வெளியே நின்றுவிட்டது. முப்பது வருடமாக மோட்டார் காயில் கட்டுகிறவன் நான். சுற்று நன்றாக இருக்கும் மோட்டாரை எடைக்குப் போடும்படி எந்த விவசாயியிடமும் நான் சொன்னதில்லை. அதே நியாயத்தில்தான் இதில் விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் வகை இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டேன்.

லினக்ஸ் நம் வீட்டுக்குப் புதிதும் அல்ல. உன் அத்தை மகளுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. இடம் அடைக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நீதான் அதை அழித்துக் கொடுத்தாய். அதில் என்ன இருந்தது என்று ஒரு நாள்கூட நாம் திறந்து பார்க்கவில்லை என்பது இப்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பட்ட கஷ்டத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். முதல் மூன்று இரவுகள் ஒரு விளையாட்டுகூடத் திறக்கவில்லை. விளையாட்டுகளை வாங்கித் திறக்கும் ஸ்டீம் செயலியில் பச்சை நிறத்தில் இருக்கும் பிளே பட்டனை அழுத்துவேன். அது நீல நிறமாகி ஸ்டாப் என்று காட்டும். இரண்டு விநாடியில் மீண்டும் பச்சையாகிவிடும். பிழை என்று ஒரு வரி வராது, ஒரு சத்தமும் கேட்காது. கார்டு போய்விட்டதோ என்று கழற்றித் துடைத்துக்கூட மாட்டினேன். பிறகுதான் காரணம் பிடிபட்டது. விளையாட்டுகள் எல்லாம் நீ விண்டோஸில் பிரித்து வைத்த டி டிரைவில், என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் சேமிப்பு முறையில் இருந்தன. லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டும் புரோட்டான், ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு போலி விண்டோஸ் கோப்புறையை அமைத்து, அதற்குள் சி டிரைவ், இசட் டிரைவ் என்று முக்காற்புள்ளி வைத்த பெயர்களை உருவாக்குகிறது. கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வருவதை விண்டோஸ் ஒப்புக்கொள்ளாது, அதனால் அதன் முறையில் இருந்த டிரைவில் விளையாட்டு திறக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டு, டிரைவை லினக்ஸுக்கு உரிய ஈஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மட் செய்து, திரும்ப ஏற்றியபோது முதல் அழுத்திலேயே திறந்தது. உன் அம்மா தூங்கிவிட்டார்கள் என்பதையும் மறந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

இன்னொரு நாள் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் திரை கறுப்பாகி, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டு நின்றது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக வந்திருந்தது, அதற்குக் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் நிரல் பொருந்தவில்லை. மறுபடி ஆன் செய்து, ஆரம்பத்தில் வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தபோது எல்லாம் பழையபடி வந்துவிட்டது. டிரைவரை மறுநாள் நிதானமாகச் சரிசெய்தேன். அந்தக் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தபோது வயிறு கலங்கியது உண்மைதான். ஆனால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்திருந்த அந்த ஏற்பாட்டின் மீது அன்றைக்கு எனக்கு மிகுந்த மரியாதை வந்தது.

இதெல்லாம் எப்படி ஓடுகிறது என்று நீ கேட்டாய் அல்லவா? அந்தக் காலத்தில் இரு தரப்புக்கும் இடையில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷிகள் இருந்தார்களே, அதைப் போன்றதுதான். வைன் என்ற திட்டம் 1993இலேயே தொடங்கியது. விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி சொல்வது அதன் வேலை. அதை அடித்தளமாக வைத்து, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டானை வெளியிட்டது. படம் வரைவதற்கு விளையாட்டு டைரக்ட்3டி என்ற விண்டோஸ் முறையில் கேட்பதை, டிஎக்ஸ்விகே என்ற பகுதி லினக்ஸிலும் ஓடும் வல்கன் முறைக்கு மாற்றிச் சொல்கிறது. இந்த டிஎக்ஸ்விகேயை பிலிப் ரெபோலே என்ற ஒருவர் தொடங்கியது, நியர் ஆட்டோமேட்டா என்ற விளையாட்டை லினக்ஸில் விளையாட வேண்டும் என்ற ஆசையினால்தான். ஒருவருடைய ஆசை இன்று திருப்பரங்குன்றத்து மாடி அறை வரை வந்து எனக்கு உதவுகிறது என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது, தம்பி. இந்த மொழிபெயர்ப்புக்காக முதல் முறை திறக்கும்போது சில விளையாட்டுகள் ஷேடர்கள் எனப்படும், படம் வரையும் சிறு நிரல்களைத் தயார் செய்யச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் நான் காபி போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

என்னால் சரிசெய்ய முடியாதது ஒன்றே ஒன்றுதான். நாம் இருவரும் உன் நண்பர்களோடு சேர்ந்து விளையாடிய அந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு இனி என்னிடம் ஓடாது. ஏமாற்றுபவர்களைப் பிடிப்பதற்காக வைத்திருக்கும் காவல் நிரல் லினக்ஸை உள்ளே விடுவதில்லை. வேலரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டுக்கும் இதே கதைதான். ஈஸி ஆன்டி சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு காவல் நிரல்களும் 2021லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அந்தந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் சம்மதித்தால்தான் அது நடக்கும். பழுது என்றால் நான் விடிய விடியக்கூட உட்கார்ந்து பார்ப்பேன். இது பழுது இல்லை, ஒருவர் எடுத்த முடிவு. அதற்கு என்னிடம் ஸ்பேனர் இல்லை. உன் நண்பர்கள் பேசிச் சிரிக்கும் சத்தத்தை இந்த மாதங்களில் நான் தேடியிருக்கிறேன். அதனால் உன் லேப்டாப்பிலும் லினக்ஸ் போடு என்று நான் சொல்லமாட்டேன். அந்த விளையாட்டுக்காகவே நீங்கள் கூடுகிறீர்கள் என்றால் நீ விண்டோஸிலேயே இரு.

ஆனால் இதையும் கேள். அலமாரியைச் சுத்தம் செய்தபோது உன் பள்ளிக்கால சி.டி.க்கள் கிடைத்தன. அவற்றில் அந்தப் பைக் பந்தய விளையாட்டும் இருந்தது. விண்டோஸ் 10 இருந்தபோது ஒருமுறை அதைப் போட்டுப் பார்த்து, இந்தக் கம்ப்யூட்டரில் ஓடாது என்று பதில் வந்ததும் எடுத்து வைத்துவிட்டேன். அதன் இன்ஸ்டாலர் 16 பிட் காலத்தியது. 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. வைன் ஏற்றுக்கொண்டது. டிரைவ் உறுமியது, நீலப் பின்னணியில் கோடு மெதுவாக நகர்ந்து நூறு வந்தது. அந்த முதல் இசையைக் கேட்டதும் சமையலறையிலிருந்து உன் அம்மா, "தம்பி வந்துட்டானா?" என்று கேட்டார்கள். நான் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை.

ஆகவே புதிய கம்ப்யூட்டருக்குப் பணம் அனுப்பாதே. இதை விற்கவும் சொல்லாதே. ஞாயிறு இரவு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டின் டெஃபினிட்டிவ் எடிஷன் விளையாடலாம். நீ ஜெர்மனியில் விண்டோஸில் இருந்தாலும், நான் இங்கே லினக்ஸில் இருந்தாலும் ஒரே ஆட்டத்தில் சேர முடிகிறது, நான் சோதித்துவிட்டேன். 2022இல் வந்த டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா தொகுப்பையும் வாங்கி வை. அதில் திராவிடர் படை உண்டு, ராஜேந்திர சோழன் படையெடுப்பும் உண்டு. நான் திராவிடர் படையை எடுத்துக்கொள்கிறேன். இங்கே ஒன்பது மணிக்கு நான் தயாராக இருப்பேன்.

இன்னொரு சி.டி.யும் இருக்கிறது. உறையின் பின்னால் பென்சிலில் உன் கையெழுத்தில் சீரியல் எண் எழுதியிருக்கிறாய். கடைசி இரண்டு எழுத்துகள் அழிந்துவிட்டன. நினைவிருந்தால் எழுது.

அன்புடன்,
அப்பா