ஏழாம் வகுப்புக்கு ஒரு டப்பா கடற்புல்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் அறிவியல் ஆசிரியை விடுப்பில் இருந்ததால் ஏழாம் வகுப்புக்கு நான் போனேன். கடலடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டியான கடல்பசுவைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "ஐயா, பசு என்றால் அசை போடுமா?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. படித்துவிட்டு மறுநாள் சொன்னேன்: போடாது. பெயர்தான் பசு; உறவு யானையோடு. தின்ற புல் பெருங்குடலில் நாள்கணக்கில் ஊறித்தான் செரிக்கிறது. மூன்று மீட்டர் உடம்புக்குள் 25 மீட்டர் வரை பெருங்குடல்! கயிறு எடுத்து அளந்து பார்த்தோம். என் அறை வாசலில் தொடங்கி சத்துணவுக் கூடத்தைத் தொட்டது.

கடல்பசு மேயும் விதம் உங்களில் பலர் கண்ணால் கண்டதாக இருக்கும். மேலுதட்டு முரட்டு முடிகளால் மண்ணைக் கிளறி, புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். போன வழியெல்லாம் சாண் அகலத்துக்குத் தடம் வெளுத்துக் கிடக்கும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் வேண்டும். அதே புல்லை மேயும் பேராமை என்ற கடலாமையோ வேரைத் தொடாது. ரம்பம் போன்ற தாடையால் இலையை மட்டும் கத்தரிக்கும், கத்தரித்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லுக்குத் திரும்பவும் வரும். ஓரா மீனும் அதே புல்லைத்தான் கொறிக்கிறது. குழம்பில் போடும்போது யாரும் இதை நினைப்பதில்லை, நான் உட்பட.

நம் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில்தான் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நம் பிள்ளைகளோ அந்தப் புல்லைப் படத்தில்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே ஓர் உதவி. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது வேரும் தண்டுமாக வரும் புல்லை எறிந்துவிடாமல், ஒரு கைப்பிடி, கடல்நீரோடு டப்பாவில் போட்டு வெள்ளிக்கிழமை காலை கொடுத்தனுப்புங்கள். இதற்கென்று யாரும் புல் பிடுங்க வேண்டாம். கடலுக்குப் போகாத வீட்டார் கவலைப்பட வேண்டாம், பக்கத்துப் பிள்ளையின் டப்பாவே போதும்.

கடல்பசுவோ ஆமையோ வலையில் சிக்கி அதை விடுவித்த அனுபவம் உள்ளவர்கள் அன்று மூன்றாம் பாடவேளைக்கு வகுப்புக்கு வந்து சொன்னால் மகிழ்வேன். அவை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர்கள் என்பதால் வலையை அறுக்க எவ்வளவு நேரம் இருந்தது என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள்.

டப்பாவின் மேல் பிள்ளையின் பெயரை எழுதிவிடுங்கள். போன முறை வந்த சாப்பாட்டு டப்பாக்களில் நான்கு இன்னும் என் மேசையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்