உடம்பு முடியாமல் போனால் யார் கூட இறங்கி வருவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அட்சய திருதியை நெருங்கினாலே எங்கள் கும்பகோணம் பக்கம் கோயில் வாசலில் சார்தாம் யாத்திரை நோட்டீஸ் கைக்கு வந்துவிடும். யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் நான்கும் உண்டு, நம்ம ஊர் சமையல்காரர் கூடவே வருவார், இரண்டு வேளை காபி, தங்குகிற இடத்தில் வெந்நீர் என்று எல்லாம் விவரமாக இருக்கும். வழியில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் என்ன ஏற்பாடு என்று மட்டும் ஒரு வரி இருக்காது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்தப் பயணங்களில் அறுபதைத் தாண்டியவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி இல்லாதவர் யார்? நம்ம ஊட்டியே 2,240 மீட்டர்தான், கேதார்நாத் 3,583 மீட்டர். மலைப்பாதை தொடங்கும் கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் நடந்தோ குதிரையிலோ ஏறி அன்று ராத்திரி மேலேயே படுக்கிறோம், ஹெலிகாப்டர் என்றால் சில நிமிஷத்தில் மேலே இறக்கிவிடுகிறார்கள், உடம்பு பழகுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது? உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் வருகிற மலை நோய் இப்படித்தான் பிடிக்கிறது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்றால் அதற்கு மேல் ஏறக் கூடாது, நடை தடுமாறினாலோ பேச்சு குழம்பினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். ஆக்ஸிஜனும் மருந்தும் இறங்கும்வரை தாங்கிப் பிடிக்கத்தான்.

எங்கள் குழுவில் என் அண்ணிக்கு இது வந்தது. கேதாரில் சாயங்காலமே தலைவலி, இரண்டு தடவை வாந்தி. குளிர்தான், சுக்குக் காபி குடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். விடியற்காலையில் ஸ்வெட்டர் பட்டனைப் பிடித்தபடி அது நுழைகிற ஓட்டையைத் தேடிக்கொண்டே இருந்தார், எழுந்து நாலடி வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். எங்களை அழைத்துவந்த மேனேஜர், "எல்லாரும் தரிசனத்த முடிச்சிட்டு மத்தியானம் ஒண்ணா இறங்கிடலாம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு..." என்று இழுத்தார். நல்லவேளை, மருத்துவ முகாமிலிருந்த டாக்டர் ஊசி போட்டு ஆக்ஸிஜன் வைத்து, ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணனும் நானும் டோலி (ஆட்கள் தூக்கிச் செல்லும் நாற்காலி) வைத்து அண்ணியை இறக்கினோம். கீழே குப்தகாசி ஊர் வருவதற்குள் அவரே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார்.

அந்த முகாம் வாசலிலேயே மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். நாங்களாகவே யாத்திரையிலிருந்து விலகுகிறோம், பணம் எதுவும் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். டெல்லியிலிருந்து திரும்புகிற ரயில் டிக்கெட் அவர்கள் கணக்கில் மொத்தமாக எடுத்தது, எடுத்த கணக்கிலிருந்துதான் ரத்து செய்ய முடியும், மலையில் அவர்களுக்குப் போனே கிடைக்கவில்லை. அப்புறம் தட்கலில் வேறு டிக்கெட் எடுத்து ஊர் வந்தோம். பணம் போனது கூடப் பரவாயில்லை. அண்ணி வழியெல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தாரே, "என்னால உங்க ரெண்டு பேருக்கும் பத்ரி போச்சே" என்று, அதுதான் என்னை எழுத வைக்கிறது. அவருக்கு உத்தரகாசியிலிருந்தே தலை பாரமாக இருந்திருக்கிறது. மற்றவர்கள் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்கள் எல்லாருமே இப்படித்தான், வலியைச் சொல்வதற்கு முன்னால் அதனால் யாருக்குத் தொந்தரவு என்று கணக்குப் பார்ப்பார்கள். அதனால் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்: யாருக்கு முடியவில்லை என்றாலும் இன்னார் கூட இறங்குவார், அதில் யாருக்கும் வருத்தமில்லை. இதைக் காதுபடச் சொல்லி வைத்தால்தான் அவர்கள் வாயைத் திறப்பார்கள்.

மத்திய அரசு நடத்துகிற கைலாஷ் மானசரோவர் யாத்திரையில் டெல்லியில் ஒரு மருத்துவப் பரிசோதனை, லிபுலேக் கணவாய் வழியில் போனால் மேலே குஞ்சியில் இன்னொரு பரிசோதனை. தேறவில்லை என்றால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள், சாமி பெயரைச் சொல்லிக் கெஞ்சினாலும் நடக்காது. அந்த முடிவை நோயாளியின் தலையிலும் சொந்தக்காரர் தலையிலும் போடாமல் டாக்டர் எடுக்கிறார், அதுதான் சரி. தனியார் குழுக்களில் அந்த முடிவு யார் கையில்? அட்டவணை தவறக் கூடாது என்று பார்க்கிற மேனேஜர் கையில். ரிஷிகேஷ் எய்ம்ஸில் 2024 அக்டோபரில் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் வந்தது நல்ல காரியம்தான், ஆனால் மேகம் மூடிவிட்டால் எந்த ஹெலிகாப்டரும் பறக்காது. முதல் தலைவலியிலேயே ஏறுவதை நிறுத்துவதும், மோசமானால் உடனே இறங்குவதும் மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

யாத்திரை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஒருவருக்கு முடியாமல் போனால் குழுவிலிருந்து ஓர் ஆளும் ஒரு வண்டியும் அவர்களோடு கீழே வர வேண்டும். போகாத ஊர்களுக்கான பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் தர வேண்டும். டிக்கெட்டை எங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ள விட வேண்டும். அட்டவணையில் ஒரு நாளாவது சும்மா விட வேண்டும். (டிக்கெட்டோடு சில பைசாவுக்குச் சேர்த்துக்கொள்கிற இன்ஷூரன்ஸ் ரயில் விபத்துக்குத்தான், மலையில் வரும் நோய்க்கு அதில் ஒன்றும் கிடைக்காது. இதையும் சொல்லி அழைத்துப் போகட்டும்.)

உங்கள் பத்திரிகையிலும் இந்த யாத்திரை விளம்பரங்கள் வருகின்றன. விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம், உடம்பு முடியாதவரை யார் இறக்கிக் கூட்டிவருவார் என்று கேட்டு, அவர்கள் சொல்கிற பதிலையும் விளம்பரத்திலேயே சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.