கணினி மைய இயக்குநருக்கு ஒரு விடுதி மாணவனின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விடுதி வைஃபை வேண்டுமானால் லேப்டாப்பில் ஒரு மென்பொருளையும் ஒரு ரூட் சான்றிதழையும் (எந்தத் தளங்களின் அடையாளத்தை நம்பலாம் என்று கணினி தீர்மானிக்க உதவும் கோப்பு) நிறுவியாக வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். அந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். நான் வைத்திருப்பது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். உங்கள் அலுவலகத்தில் கேட்டதற்கு, "விண்டோஸ் போட்டுட்டு வாங்க தம்பி" என்றார்கள். இயங்குதள ஆய்வகத்தில் எங்களை லினக்ஸ் முன்னால் உட்காரவைத்ததும் இதே பல்கலைக்கழகம்தான்!

உங்கள் கவலை புரிகிறது. வைரஸ் பிடித்த ஒரு கணினி மொத்த விடுதியையும் படுத்தி எடுக்கும். யார் எப்போது இணைந்தார்கள் என்று போலீஸ் கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சரி. அதற்கு என் கணினிக்குள் எதற்கு வரவேண்டும்? 802.1எக்ஸ் என்ற, இணைபவர் யாரென்று வலையமைப்பே சரிபார்க்கும் முறையில் ஆளுக்கொரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் போதும். விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, லினக்ஸ் எல்லாவற்றிலும் அதற்கு ஏற்கெனவே வசதி இருக்கிறது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் வைஃபை இப்படித்தான் நடக்கிறது. சந்தேகத்துக்குரிய கணினியை வலையமைப்பு ஸ்விட்சிலேயே தனி விலானுக்கு, அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்த வலையமைப்புக்கு, ஒதுக்கிவிடலாம்.

சான்றிதழ்தான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால், இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் உங்கள் ஃபயர்வால் எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் தயாரித்து நீட்டலாம். என் பிரவுசர் அப்படியே நம்பிவிடும். வங்கிக் கடவுச்சொல், நண்பனுக்கு அனுப்பும் மெயில் எல்லாவற்றையும் நடுவழியில் பிரித்துப் பார்க்க முடியும். நீங்கள் பார்க்க மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி வெளியே கசிந்தால், வேறு யாரும் இதையே செய்யலாமே? விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் அந்தச் சான்றிதழ் என் லேப்டாப்பிலேயேதான் இருக்கும். 2019இல் கஜகஸ்தான் அரசு தன் மக்களை இதுபோல ஒரு சான்றிதழை நிறுவச் சொன்னபோது, கூகுளும் மொசில்லாவும் ஆப்பிளும் தங்கள் பிரவுசர்களில் அதைத் தடுத்தன.

ஆய்வகக் கணினிகளில் நீங்கள் எதை வேண்டுமானாலும் போடுங்கள், அவை உங்களுடையவை. என் லேப்டாப் அப்பா தவணை கட்டி வாங்கித் தந்தது. அதில் மூலநிரலைக் காட்டாத ஒரு மென்பொருள் அட்மின் உரிமையோடு உட்காருவதற்கு நான் சம்மதிக்கவில்லை.

சான்றிதழ் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு விடுதித் தொகுதியில் 802.1எக்ஸ் முறையைச் சோதித்துப் பாருங்கள்; அமைத்துத் தர நாங்கள் சிலர் இரவுகூட உட்காரத் தயார். இணைப்புப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்பதையும் அதே பலகையில் ஒட்டுங்கள்.

அதுவரை போன் டேட்டாவில்தான் அசைன்மென்ட் ஏற்றுகிறேன். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. டெபியன் அப்டேட் வரும் நாளில் மத்தியானமே தீர்ந்துவிடுகிறது.

இப்படிக்கு,
விடுதி மாணவன் ஒருவன்