அரைக்கிற வேலை

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் நலம். போன வாரம் போனில் அம்மா, "எம்.எஸ்சி. படிச்சுட்டு அங்க போய் அரைக்கிற வேலையா?" என்று கேட்டதும் லைன் போய்விட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊர். இங்கே காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்கிறார்கள். வீட்டுக்காரப் பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அந்தத் தோட்டத்தில் இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டினால் என் ஈப்போ பஸ் ஊர்ந்துதான் போகும்.

சரி, வேலை. கழிவைக் குறைத்து வினை நடத்தப் பார்க்கிற பசுமை வேதியியல் ஆய்வுக்கூடம். ஆமாம், அரைக்கத்தான் செய்கிறேன். பீங்கான் கல்வத்தில் ஆர்த்தோ வெனிலின் முக்கால் கிராம், பாரா டொலுயிடின் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலே. முதலாவது, வெனிலா வாசனைப் பொருளுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் உலர்ந்த பொடி. குழவி பட்டதுமே ஆரஞ்சு நிறம் ஏறுகிறது, பிறகு இளகிக் கூழாகிறது, அரைக்க அரைக்க மறுபடி இறுகிப் பொடியாகிறது. கரைப்பான் இல்லை, வினையூக்கி இல்லை, அடுப்பும் இல்லை. எடையில் நூற்றுக்கு 93 பங்கு நமக்கு வேண்டிய பொருளாகவே வரும். மிச்சம் வெறும் தண்ணீர். முதல் நாள் அந்தக் கூழைப் பார்த்து, கல்வத்தில் ஈரம் இருந்துவிட்டது என்று நினைத்து அத்தனையையும் கழிவு டப்பாவில் கொட்டிவிட்டேன். சீனியர் அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், மருந்துத் தொழிலில் ஒரு கிலோ சரக்குக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேல்கூடக் கழிவு சேருகிறது என்று ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1992-இல் கணக்குக் காட்டினார். அதில் பெரும்பங்கு கரைப்பான்தான். பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "ஆசிட்டு ஊத்தாமலா?" என்றார். ரப்பர்ப் பாலை ஃபார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்த கை அல்லவா.

எல்லா வினையும் இப்படி நடக்காது. பசுமை வேதியியல் என்பதால் சாமானெல்லாம் பச்சைத்தண்ணீர் என்றும் நினைக்க வேண்டாம். டொலுயிடின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகிற நஞ்சு. கையுறை இல்லாமல் தொடுவதில்லை. எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. கரைப்பானே இல்லை என்று பெருமையாக அரைத்துவிட்டு, அப்புறம் சுத்தம் செய்ய எத்தில் அசிட்டேட் என்ற கரைப்பானை லிட்டர் கணக்கில் ஊற்றுவார்கள். வாசலில் விரட்டியதைக் கொல்லைப்புறம் வழியாகக் கூப்பிடுகிற கதை.

அப்பா, குழவியைப் பிடிக்கும்போதெல்லாம் தாத்தா ஞாபகம்தான். கந்தகமும் பாதரசமும் கல்வத்தில் போட்டு, "நாலு சாமம்" என்று பன்னிரண்டு மணி நேரம் அரைப்பாரே, வெள்ளியாக ஓடியது மையாகக் கறுத்துப் போகுமே, அதுவும் கரைப்பான் இல்லாத வினைதான். அவர் அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை.

அந்தக் கல்வம் பரணில்தானே இருக்கிறது? தங்கச்சி மிளகு இடிக்க அதைக் கேட்டாளாம். கொடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் பாதரசம் ஊறிய கல் அது. துணியில் சுற்றி, மேலே எழுதி வையுங்கள். தையில் வரும்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மாவின் முட்டிவலி எப்படி?

அன்பு மகள்